பாட்டும் இசைத்தட்டும்

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை வட்டாரங்களிலுள்ள கல்லூரிகளில் பயிலும் மாணவர் சிலர் என்னிடம் வந்து கேட்கும் வினா ஒன்று உண்டு. பழைய இசைத்தட்டில் உள்ள பாட்டொன்றை இணையத்தில் ஏற்றி, உடன் பயில்வோர் அனைவரும் கேட்கும்படி செய்யலாமா, அன்றி அது சட்டத்திற்கு மாறாகுமா என்பதே அவ்வினா. ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை கூற எனக்கு மனம் வருவதில்லை. இணையம் என்னும் சொல்லே பிறவாத காலத்தில், ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக்கு முன்பு, இதே வினா நம் சென்னை மாகாணத்தில் வழக்காகவும் கிளர்ச்சியாகவும் எழுந்தது. அரசே முன்வந்து தீர்க்க வேண்டிய அளவுக்கு வளர்ந்தது. அவ்வரலாற்றை அறிந்தால் விடையின் பெரும்பகுதி தானே விளங்கும். ஆகவே அதனையே இன்று சொல்ல எடுத்துக்கொண்டேன்.

முதலில் இசைத்தட்டு என்பது என்ன என்று பார்ப்போம். கோயில் மண்டபத்தில் ஒருவர் பாடுகின்றார், பத்துப்பேர் கேட்கின்றார்கள், பாடி முடித்ததும் பாட்டு காற்றோடு போய்விடுகின்றது. கேட்டவர் நெஞ்சில் நிற்பதுதான் மிச்சம். பல நூற்றாண்டுகளாக இசையின் நிலை இதுவே. பாடலை ஏட்டில் எழுதி வைக்கலாம். பாடிய குரலை எழுதி வைக்க வழியில்லை. குரலையும் பிடித்து வைக்கும் கருவி மேல்நாட்டில் பிறந்து, 1902ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்கு வந்தது. கிராமபோன் கம்பெனியார் அங்கே கௌஹர் ஜான் என்னும் புகழ்பெற்ற பாடகியின் குரலைப் பதிவு செய்தனர். அடுத்த சில ஆண்டுகளில் அவர்கள் தென்னாட்டுக்கும் வந்தனர். சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி போன்ற பெண்மணிகளின் குரல்கள் தட்டில் ஏறின.

அத்தட்டு அரக்கினால் செய்யப்பட்டது. நம் நாட்டுக் காடுகளில் பூச்சிகள் மரக்கிளைகளில் உண்டாக்கும் அதே அரக்குத்தான். நிமிடத்திற்கு 78 சுற்றுச் சுழலும். ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்திற்குச் சற்று மேல் பாட்டு அடங்கும். ஓர் இராகத்தை ஒரு மணி நேரம் விரித்துப் பாடவல்லவர், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மூன்று நிமிடத்தில் முடிக்க வேண்டியவர் ஆனார். இதனால் நம் இசைக்கு வந்த நன்மை என்ன, கேடு என்ன என்பது வேறொரு நாள் பேசவேண்டிய பொருள். இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றே. அதுவரை விற்கவும் வாங்கவும் இயலாதிருந்த குரல், அன்று முதல் கடையில் விற்கும் சரக்காயிற்று. சரக்கு என்று ஒன்று வந்தால், அதற்கு உடையவர் யார் என்னும் கேள்வியும் உடன் வரும்.

அக்கேள்விக்கு விடையாக வந்ததே பதிப்புரிமைச் சட்டம். இங்கிலாந்தில் 1911இல் இயற்றப்பட்ட சட்டம், சில மாறுதல்களுடன் 1914இல் இந்தியச் சட்டமாயிற்று. அது நூலாசிரியருக்கு வாழ்நாளும் அதற்குமேல் 50 ஆண்டும் உரிமை தந்தது. இசைத்தட்டுக்கோ, மூலத்தகடு செய்யப்பட்டதிலிருந்து 50 ஆண்டு உரிமை தந்தது. இவ்விரண்டையும் நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஒரே பாட்டு இசைத்தட்டில் ஏறியவுடன் சட்டத்தின் கண்ணுக்கு அது மூன்று பொருளாகின்றது. சொற்களை எழுதிய கவிஞரின் சாகித்தியம் ஒன்று. அதற்கு இசை அமைத்தவரின் மெட்டு ஒன்று. இவ்விரண்டையும் ஒரு குரலில் பிடித்து வைத்த ஒலிப்பதிவு மற்றொன்று. ஒரே வீட்டில் மூன்று அறைகள். மூன்றுக்கும் மூன்று பூட்டு. மூன்று சாவியும் மூவரிடம் இருக்கலாம். மாணவர்கள் பெரும்பாலும் ஒரு பூட்டைத் திறந்துவிட்டு வீடே திறந்தது என்று எண்ணிவிடுகின்றார்கள்.

இனிப் பாரதியார் பாடல்களின் வரலாற்றுக்கு வருவோம்.

பாரதியார் தம் எழுத்துக்களைத் தாமே வெளியிட வேண்டும் என்று பெரிதும் விரும்பியவர். 1920இல், தம் நூல்களை நாற்பது பகுதிகளாக்கி, ஒவ்வொன்றிலும் பதினாயிரம் படிகள் அச்சிடத் திட்டமிட்டு, நண்பர்களிடம் பொருளுதவி கேட்டு எழுதினார். தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும் போலத் தம் நூல்கள் வீடுதோறும் செல்லும் என்பது அவர் கண்ட கனவு. கேட்ட பொருள் வந்து சேரவில்லை. 1921 செப்டம்பரில், நாற்பது வயதும் நிரம்பாமல், திருவல்லிக்கேணியில் அவர் மறைந்தார். அப்போதிருந்த சட்டப்படி அவர் எழுத்துக்களின் உரிமை, அவர் மறைந்து 50 ஆண்டு கழித்து 1971இல்தான் தீரும்.

மனைவியார் செல்லம்மாளும் இரு பெண்மக்களும் வறுமையில் நின்றனர். பாடல்களை அச்சிட்டு விற்றுக் குடும்பம் நடத்தச் செய்த முயற்சி நெடுநாள் நிலைக்கவில்லை. உறவினர் கூடி நடத்திய பாரதி பிரசுராலயத்தின் கைக்கு உரிமை மாறிற்று. முடிவில் அது கவிஞரின் இளவல் சி. விசுவநாதனிடம் நின்றது. இடையில் 1928இல் அரசினரே பாரதியின் பாட்டுப் புத்தகங்களைப் பறிமுதல் செய்ததும், சட்டசபையில் சத்தியமூர்த்தி அதனை எதிர்த்து முழங்கியதும் நீங்கள் பாடப்புத்தகத்தில் படித்திருக்கலாம். ஆங்கில அரசு அஞ்சிய பாட்டு, குடும்பத்தாருக்கு அரிசி வாங்கவும் போதாத பாட்டாக இருந்தது என்பதை அப்புத்தகங்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

1931இல் 'காளிதாஸ்' என்னும் முதல் தமிழ்ப் பேசும்படம் வந்தது. அன்று முதல் பாட்டின் விலை வேறாயிற்று. ஆனால் அவ்வேறுபாட்டை முன்கூட்டியே உணர்ந்தவர் மிகச் சிலர். 1930களில் பாரதி பாடல்களைக் கிராமபோன் தட்டிலும் பேசும்படத்திலும் ஏற்றும் உரிமை மட்டும், அச்சு உரிமையினின்று தனியே பிரித்து விற்கப்பட்டது. வாங்கியவர் ஜெசிங்லால் மேத்தா என்னும் நகை வணிகர். வைரம் அறிந்தவர் பாட்டின் மதிப்பையும் அறிந்திருந்தார் போலும்! நூலை அச்சிடும் உரிமை ஒருவரிடம், ஒலிக்கும் உரிமை மற்றொருவரிடம் என ஒரு கவிஞனின் சொத்து இரண்டு கூறாயிற்று.

அவ்வொலி உரிமையைப் பின்னர் ஏவி. மெய்யப்பச் செட்டியார் விலைக்கு வாங்கினார். இவர் படமெடுக்க வருமுன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்னும் பெயரில் இசைத்தட்டு வாணிகம் செய்தவர். எந்தக் குரலை மக்கள் மீண்டும் மீண்டும் கேட்பார்கள் என்பதைக் கடையில் நின்று கற்றவர். காரைக்குடியில் அவர் எடுத்த 'நாம் இருவர்' 1947 தொடக்கத்தில் வெளிவந்தது. விடுதலைக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது. அப்படத்தில் டி.கே. பட்டம்மாள் பாடிய சுதந்திரப் பள்ளு, விடுதலை வருமுன்னே அதனைக் கொண்டாடிற்று. ஆர். சுதர்சனம் இசையமைத்த அப்பாடல்கள் இசைத்தட்டாகி ஊர்தோறும் பரவின. எழுத்தறியாதவரும் பாரதியைப் பாடினர். கவிஞர் கனவு கண்டது போலப் பாட்டு வீடுதோறும் சென்றது. ஆனால் நூலாகச் செல்லவில்லை, அரக்குத் தட்டாகச் சென்றது.

அடுத்த ஆண்டு சிக்கல் எழுந்தது. நாடகக் கலைக்குப் பெரும் பணி செய்த டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படம் 1948இல் வெளிவந்தது. அதில் பாரதியின் பாடலொன்றை டி.கே. சண்முகம் சேர்த்திருந்தார். ஒலி உரிமை தம்முடையது என்று மெய்யப்பச் செட்டியார் தடை கூறினார், வழக்கு எழுந்தது. நாட்டின் விடுதலையைப் பாடிய பாட்டை விடுதலை பெற்ற நாட்டில் ஒருவர் பாடலாம், மற்றவர் பாடலாகாது என்பதா என்று எழுத்தாளரும் இதழாளரும் கொதித்தனர். பாரதியின் பாடலுக்கே விடுதலை வேண்டும் என்று கூட்டங்கள் கூடின. வ. ரா., ப. ஜீவானந்தம் போன்றோர் அதற்காகக் குரல் கொடுத்தனர்.

இங்கே ஒரு சொல் சொல்லிவிட்டு மேலே செல்ல வேண்டும். இக்கதையைச் சொல்வோர் சிலர் மெய்யப்பச் செட்டியாரைக் கொடியவராக்கி விடுவர். அது நேர்மையன்று. அவர் திருடவில்லை, உரியவரிடம் உரிய விலை கொடுத்துச் சட்டப்படி வாங்கினார். வாங்கியதைக் காக்கச் சட்டத்தின் துணையை நாடினார். குறை அவரிடத்தில் இருந்ததன்று. வறுமையில் இருந்த குடும்பத்தினின்று சிறு தொகைக்கு வெளிப்போன உரிமை, கைமாறக் கைமாறப் பெருவிலை பெற்று, அவ்விலையில் ஒரு காசும் அக்குடும்பத்திற்குத் திரும்பாதபடி அமைந்திருந்த முறையிலேயே குறை இருந்தது.

உரிமையை வாங்கி மக்களுக்குக் கொடுக்க வேண்டுமாயின், முதலில் கவிஞர் குடும்பத்தின் இசைவு வேண்டும். எழுத்தாளர் நாரண துரைக்கண்ணனும், திருலோக சீதாராமும், வழக்கில் சிக்கிய டி.கே. சண்முகமும் திருநெல்வேலிக்குச் சென்று செல்லம்மாளைக் கண்டு இசைவுக் கடிதம் பெற்றனர். அப்போது சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தவர் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார். கல்வி அமைச்சர் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார். 1949 மார்ச்சில், பாரதியின் எழுத்துக்களை அரசே உடைமையாக்கிக் கொள்ளும் என்னும் அறிவிப்பு வந்தது. ஒலி உரிமையை அரசு கேட்டபோது மெய்யப்பச் செட்டியார் விலை ஒன்றும் பெறாமலே கொடுத்துவிட்டார். செல்லம்மாளுக்கும் இரு மகளிருக்கும் தலைக்கு 5,000 ரூபாய் அளிக்கப்பட்டது. சில ஆண்டுகள் அரசினர் தம் மேற்பார்வையில் வெளியிட்டபின், 1950களின் நடுவில் பாரதியின் எழுத்து எவர் வேண்டுமாயினும் அச்சிடவும் பாடவும் பொதுவாயிற்று. சட்டப்படி 1971இல் கிடைக்க வேண்டியது, அரசின் முடிவால் 22 ஆண்டு முன்னரே மக்களைச் சேர்வதற்கு வழி திறந்தது.

நம் பாடத்திற்கு முதன்மையான இடம் இதுதான். 1949இல் பொதுவானது எது? பாரதியின் சொல். பட்டம்மாளின் குரலைத் தாங்கிய அந்தத் தட்டு பொதுவாகவில்லை. நீங்களோ நானோ பாரதியின் பாட்டை மேடையில் பாடலாம். புதிதாகப் பதிவும் செய்யலாம். ஆனால் கம்பெனியார் பதிந்த தட்டை நகலெடுத்து விற்க அன்று எவருக்கும் உரிமை வந்துவிடவில்லை. அத்தட்டுக்கு அதன் ஆண்டுக்கணக்குத் தனியே ஓடிக்கொண்டிருந்தது.

விடுதலை பெற்ற இந்தியா தனக்கென ஒரு பதிப்புரிமைச் சட்டத்தை 1957இல் இயற்றிற்று. 1958 ஜனவரி 21 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதில் இசைப்படைப்பு என்பதற்குக் கூறிய இலக்கணம் வியப்பானது. எழுத்திலோ அச்சிலோ குறியீடாக வரையப்பட்ட மெட்டையே சட்டம் இசை என்று கொண்டது. மேல்நாட்டு இசைக்கு அது பொருந்தும். அவர்கள் எழுதிவைத்து வாசிப்பவர்கள். குருவின் வாய்மொழியாக வந்த நம் இசைக்கு அது எங்ஙனம் பொருந்தும்? 1977இல் உச்சநீதிமன்றத்தில் இசையமைப்பாளர் சங்கத்திற்கும் படமுதலாளிகளுக்கும் நடந்த வழக்கில், நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தம் தீர்ப்புரையில் இதனை எடுத்துக்காட்டி, உயிரூட்டிப் பாடும் பாடகருக்கு இச்சட்டத்தில் இடமே இல்லையே என்று வருந்தினார். இலக்கணம் திருந்தியதும், பாடுவோருக்கென ஓர் உரிமை பிறந்ததும் 1994இல்தான். கவிஞரும் இசையமைப்பாளரும் தம் பாட்டு ஒலிக்கும் இடங்களிலிருந்து வரும் பங்கைப் பிறருக்கு முழுதும் எழுதிக் கொடுத்துவிட இயலாதபடி 2012இல் மற்றொரு திருத்தம் காத்தது. அத்திருத்தம் 1930களில் இருந்திருக்குமாயின் செல்லம்மாளின் அடுப்பு எரிந்திருக்கும்.

உரிமைக்காலம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தாகூர் 1941இல் மறைந்தார். 50 ஆண்டு முடிந்து 1991 இறுதியில் அவர் நூல்களும் பாடல்களும் பொதுவாக வேண்டும். அவ்வுரிமையை வைத்திருந்த விசுவபாரதி கேட்டுக்கொள்ள, கால எல்லை 60 ஆண்டாக நீட்டப்பட்டது. ஒருவர் பொருட்டு வந்த நீட்டிப்பு, 1992 முதல் நாட்டிலுள்ள எல்லா நூலுக்கும் எல்லா இசைத்தட்டுக்கும் சட்டமாயிற்று. பாரதிக்காக ஓர் அரசு காலத்தைக் குறைத்தது. தாகூருக்காக ஓர் அரசு காலத்தைக் கூட்டியது. இரண்டும் அன்பினால் செய்தவையே. எனினும், எனக்கு முன்னதே உவப்பாக இருக்கின்றது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இனி வகுப்பறைக்குள் வருவோம். சட்டம் இயற்றியோர் ஆசிரியரை மறந்துவிடவில்லை. அச்சட்டத்தின் 52ஆம் பிரிவு, உரிமை மீறலாகாத செயல்கள் இவை என வகுத்துக் கூறுகின்றது. பாடம் கற்பிக்கும் நிகழ்ச்சியில் ஆசிரியரோ மாணவரோ எந்தப் படைப்பையும் நகலெடுக்கலாம் என்பது அதில் ஒன்று. கல்வி நிலையத்தின் செயல்களில் ஓர் ஒலிப்பதிவைக் கேட்பிக்கலாம். ஆனால் கேட்போர் அந்நிலையத்து ஆசிரியர், மாணவர், மாணவரின் பெற்றோர், காப்பாளர், அந்நிலையத்தின் பணிகளோடு தொடர்புடையோர் என்னும் வட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்பது மற்றொன்று. அவ்வட்டத்தாருக்கு ஒலிப்பதிவை எட்டச் செய்வதும் அதனுள் அடங்கும். கல்லூரிக் கூடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு நாற்பது பேர் கேட்பதற்கு எவர் இசைவும் வேண்டியதில்லை என்பது இதனால் தெளிவு.

கதவு இருக்கும் வரை இது எளிது. 2020 மார்ச்சில் கொள்ளை நோயினால் கல்லூரிகள் மூடப்பட்டு, பாடம் கைபேசிக்குள் புகுந்தபோது கதவு எங்கே போயிற்று? என் கருத்தைச் சொல்லுகின்றேன். கடவுச்சொல் இட்டு, பெயர் பதிவு செய்த மாணவர் மட்டும் நுழையும் இணைய வகுப்பும் கதவுள்ள அறையே. அதில் பாடத்திற்கு வேண்டிய இசைத்தட்டைக் கேட்பித்தல் சட்டத்தின் சொல்லுக்கும் நோக்கத்திற்கும் ஒத்ததே. அதே பதிவை உலகத்தார் யாவரும் காணும் தளத்தில் ஏற்றிவிட்டு, 'கல்விக்காக' என்று தலைப்பில் எழுதி வைத்தால், அது கதவில்லாத அறை. எழுதி வைத்த பலகை கதவாகாது. மாணவர் பலர் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுகின்றனர். வாட்ஸ்அப் குழுவில் வகுப்பு மாணவரோடு அவர்தம் நண்பரும் நண்பரின் நண்பரும் சேர்ந்து, ஒருவர் அனுப்பியது இரவுக்குள் மதுரைக்கும் மலேசியாவுக்கும் சென்றுவிட்டால், வட்டம் என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை.

இப்பிரிவை நீதிமன்றம் எங்ஙனம் நோக்கும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. தில்லிப் பல்கலைக்கழகத்தில் பாட நூல்களின் பகுதிகளை நகலெடுத்துத் தொகுத்து மாணவருக்கு விற்ற ஒரு கடையின் மீது, ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் முதலிய பதிப்பகத்தார் 2012இல் வழக்குத் தொடுத்தனர். 2016இல் தில்லி உயர்நீதிமன்றம், பாடம் கற்பித்தல் என்பது ஆசிரியர் கரும்பலகை முன் நிற்கும் நேரம் மட்டுமன்று, பாடத்திட்டம் வகுப்பதுமுதல் மாணவர் படித்து முடிக்கும்வரை உள்ள முழுச் செயலும் அதுவே என விரித்துப் பொருள் கொண்டது. கற்பித்தலுக்கு வேண்டிய அளவே எல்லை என்றது. பதிப்பகத்தார் 2017இல் வழக்கைக் கைவிட்டனர். அது நூல் பற்றிய வழக்கு, இசை பற்றியதன்று. ஆயினும், ஆசிரியரும் மாணவரும் நகலெடுப்பது பற்றிய விதி எந்தப் படைப்புக்கும் என்றே சொல்லுகின்றது. பாடத்திற்கு வேண்டிய மூன்று பாட்டை எடுப்பதற்கும், தட்டுப்பெட்டி முழுவதையும் அள்ளிக் கொடுப்பதற்கும் வேற்றுமை உண்டு என்பதை மட்டும் மறக்கலாகாது.

கணக்குப் போட்டுக் காட்டாமல் விட ஆசிரியனுக்கு மனம் வராது. ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. ஆகவே 1947இல் வெளியான தட்டின் உரிமை 2007 டிசம்பர் 31 அன்று முடிந்தது. 1960இல் வெளியானதற்கு 2020 டிசம்பர் 31 அன்று. 1990இல் வெளியான ஒலிநாடாவுக்கு 2050 இறுதி வரை உண்டு. இது ஒரு பூட்டு. சொல்லுக்கும் மெட்டுக்கும் உள்ள பூட்டுகள் ஆக்கியோரின் ஆயுளோடு கட்டுண்டவை. தியாகராசர் 1847இல் மறைந்தவர். அவர் கீர்த்தனத்தைப் பாடிய 1950ஆம் ஆண்டுத் தட்டு முழுதும் பொது. பாபநாசம் சிவன் 1973இல் மறைந்தவர். அவர் கீர்த்தனம் உள்ள 1950ஆம் ஆண்டுத் தட்டு, தட்டு என்னும் அளவில் பொது. ஆனால் கீர்த்தனத்தின் உரிமை 2033 இறுதி வரை நிற்கும். இரண்டு தட்டும் ஒரே கம்பெனி, ஒரே ஆண்டு, ஒரே பாடகராகவே இருக்கலாம். எனினும் ஒன்றை உலகறிய ஏற்றலாம், மற்றொன்றை வகுப்புக்குள் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது 'நாம் இருவர்' தட்டை மீண்டும் எடுத்துப் பாருங்கள். சாகித்தியம் அரசின் அறிவிப்பால் என்றோ பொதுவாயிற்று. ஒலிப்பதிவு 2008 முதல் பொது. ஆனால் மெட்டமைத்த சுதர்சனம் அதன்பின் நெடுங்காலம் வாழ்ந்தார். மெட்டைத் தனிப்படைப்பாகக் கொண்டால், அவர் மறைவுக்குப்பின் 60 ஆண்டு என்னும் கணக்கு இன்னும் முடியவில்லை. எந்தப் பாட்டுக்காக நாடு கிளர்ந்தெழுந்ததோ அப்பாட்டின் தட்டிலேயே, நுணுகிப் பார்த்தால், ஒரு பூட்டு இன்றும் தொங்குகின்றது!

இது நம் நாட்டுக் கணக்கு. கடல் கடந்தால் கணக்கு வேறு. அமெரிக்காவில் 2018இல் வந்த சட்டப்படி 1947 முதல் 1956 வரை வெளியான ஒலிப்பதிவுகளுக்கு 110 ஆண்டு பாதுகாப்பு. 1922 வரை வெளியானவை 2022 தொடக்கத்தில்தான் பொதுவாயின. இங்கிலாந்தில் ஒலிப்பதிவுக்கு 50 ஆண்டாக இருந்த எல்லை 2013இல் 70 ஆண்டாயிற்று. பெரிய இணைய நிறுவனங்கள் பல அமெரிக்காவில் உள்ளவை. எனவே இங்கே பொதுவான தட்டை நீங்கள் ஏற்றினாலும், அங்குள்ள இயந்திரம் அதனைத் தடுத்து உங்களுக்கு அறிவிப்பு அனுப்பக்கூடும். அறிவிப்பு வந்தமையாலேயே நீங்கள் குற்றவாளி என்று அஞ்ச வேண்டியதில்லை. எந்தப் பூட்டைப் பற்றி அது பேசுகின்றது என்று ஆராய்ந்து மறுமொழி எழுதலாம். உரியவரே வெளியிட்டு வைத்துள்ள பதிவாயின், நகலெடுக்காமல் அதன் முகவரியை மட்டும் தோழருக்கு அனுப்புவது எல்லாவற்றிலும் எளிய வழி.

பாரதிக்குப்பின் தமிழ்நாட்டரசு நூற்றுக்கு மேற்பட்ட எழுத்தாளரின் நூல்களை நாட்டுடைமையாக்கியுள்ளது. பாரதிதாசன் நூல்கள் 1990இல் பொதுவாயின; நம் பல்லாவரத்தில் வாழ்ந்த மறைமலையடிகளின் நூல்களும் அவ்வரிசையில் உள்ளன. இசைத்தட்டுகளை அவ்வாறு விலைகொடுத்து வாங்கிப் பொதுவாக்கும் வழக்கம் ஏற்படவில்லை. நூலுக்குச் செய்ததைக் குரலுக்கும் செய்யலாம் என்பது என் எண்ணம். குறைந்தது, பாடப்பகுதியாக உள்ள பாடல்களின் பழம்பதிவுகளுக்கேனும் செய்யலாம்.

அதுவரை ஆண்டுக்கணக்கையே நம்ப வேண்டும். அதிலும் ஒரு தொல்லை உண்டு. பழைய 78 சுற்றுத் தட்டின் நடுவே ஒட்டிய சீட்டில் பாடகர் பெயர் இருக்கும், இராகம் தாளம் இருக்கும், கம்பெனியின் எண் இருக்கும். வெளியான ஆண்டு பெரும்பாலும் இராது. அவ்வெண்ணைப் பிடித்துக்கொண்டு, கம்பெனியார் வெளியிட்ட பழைய பட்டியல்களையும், அக்காலத்து விளம்பரங்களையும், காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற பாட்டுப் புத்தகங்களையும் புரட்டித்தான் ஆண்டைக் கண்டறிய வேண்டும். அத்தகைய பாட்டுப் புத்தகங்களையும் நாடக அறிவிப்புகளையும் கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாள் முழுதும் திரட்டி வைத்தார். அவர் பெயரால் அமைந்த நூலகம் இன்று தரமணியில் இருக்கின்றது. தாம்பரத்திலிருந்து வேளச்சேரி வழியாகப் போனால் அதிக தூரமில்லை. கையில் தட்டின் எண்ணை எழுதிக்கொண்டு போங்கள்.